கெல்பெக் நிலையத்தில் பிடிபட்ட உளவாளி

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு மனித ஆயுள் கழிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் கெல்பெக் ஊரில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ராட்னி ஃபான்ஷா அதை மறுபடியும் தொடங்கிவிடுவார்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அரசாங்கம் எங்கள் ரயில் பாதையை மூடியது. பிற்பாடு ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து துருப்பிடித்த தண்டவாளத்தைச் சீர்செய்து, எங்கோ கிடந்த பழைய நீராவி இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்ட ஆரம்பித்தார்கள். வண்டி ஓட்டுவது, கரி அள்ளுவது, டிக்கெட் கொடுப்பது எல்லாமே தன்னார்வலர்கள்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கரிப்புகை வாசனையும், இன்ஜின் கிளம்பும்போது வயிற்றுக்குள் அதிரும் அந்த அதிர்வும் எனக்குப் பிடிக்கும். பள்ளிச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, புருஷன் டிரெவரும் இன்னொருத்தியோடு ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சனிக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பிடிக்காதது ராட்னி கண்டுபிடித்த நாற்பதுகள் வாரயிறுதிதான்.

அந்த இரண்டு நாளும் தன்னார்வலர்கள் எல்லாரும் போர்க்கால உடையில் வர வேண்டும். குண்டு விழுந்தால் சிதறாமல் இருக்க என்று ஜன்னல் கண்ணாடிகளில் காகித நாடாவைப் பெருக்கல் குறியாக ஒட்டுவார்கள். மணல் மூட்டை என்று மரத்தூள் மூட்டைகளை அடுக்குவார்கள். பெண்கள் காலுறை போட்டதுபோலத் தெரிவதற்காகக் கெண்டைக்காலில் புருவ மையால் கோடு இழுத்துக்கொள்வார்கள். ஆண்கள் அத்தனை பேரும் அதிகாரிகள். பிளாட்பாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் ஒரு மேஜர் மேலாவது விழும். சாதாரணச் சிப்பாயாக வர ஒருவருக்கும் மனம் வராது. இத்தனை அதிகாரிகளும் யாருக்கு உத்தரவு போட்டு அந்தப் போரில் ஜெயித்தார்களோ தெரியவில்லை.

அவர்களுக்கெல்லாம் மேலே கர்னல் ராட்னி. வீட்டுக்குப் பின்புறம் கண்ணாடி அறை கட்டித் தருவது அவருடைய தொழில். மழை வந்தால் அவற்றில் பாதி ஒழுகும். ராணுவ அனுபவம் என்று பார்த்தால், சின்ன வயதில் சாரணர் படையில் சேர்ந்து பாதியில் நின்றவர். ஆனால் மார்பில் இரண்டு வரிசைப் பதக்கம். எல்லாம் பழைய பொருள் கடையில் பொறுக்கியவை. அக்குளில் ஒரு பிரம்பு. மீசைக்கு மெழுகு. அந்த உடையைப் போட்டுக்கொண்டதும் குரலே மாறிவிடும். வெள்ளிக்கிழமை வரை 'தெல்மா' என்று கூப்பிட்டவர் சனிக்கிழமை காலை "ஏய் போர்ட்டர்!" என்பார்.

ஆமாம், நான் போர்ட்டர். உடைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் மனைவி ப்ரூடன்ஸ். பூப்போட்ட கவுன்களும் நரித்தோல் சால்வையும் அவளுக்கும் அவளுடைய சிநேகிதிகளுக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குப் போர்ட்டர் சீருடைதான் பொருத்தமா இருக்கும் தெல்மா. நல்லா தாராளமா தச்சிருக்கு" என்றாள். கம்பளிக் கால்சட்டை, பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, யாருடைய வியர்வையோ ஊறிய தொப்பி. போட்டுக்கொண்டேன்.

அந்த வருஷம் நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். பெர்னார்ட் டக்கெட்டை வரச் சொன்னேன்.

பெர்னார்ட் நடமாடும் நூலக வண்டியின் ஓட்டுநர். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்துவார். உயரமான, மெலிந்த மனிதர். அவருக்குப் பேச்சு திக்கும். சாதாரணமாக இல்லை, நன்றாகவே திக்கும். 'ப' எழுத்தில் தொடங்கும் வார்த்தை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவார். முதலில் எல்லாரையும்போல நானும் அந்த வார்த்தையை முந்திக்கொண்டு முடித்துவைத்தேன். அவர் லேசாகத் தலையை அசைத்தார். அதற்கப்புறம் காத்திருக்கப் பழகினேன். காத்திருந்தால் அந்த மனிதரிடமிருந்து வருகிற பேச்சு இருக்கிறதே, அவ்வளவு வேடிக்கையாக இருக்கும். ஒரு வருஷமாகப் புத்தகம் மாற்றுகிற சாக்கில் அந்த வண்டிப் படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை ரயிலுக்கு வாங்களேன்" என்றேன். "நான் போர்ட்டர் வேஷத்துல இருப்பேன். ஒரு சின்னப் பெட்டி கொண்டு வாங்க, நான் தூக்கிட்டு வர்றேன். பழைய காலத்துக் கோட்டு, தொப்பி ஏதாவது போட்டுக்கணும். மத்தியான வண்டியில வந்து கடிகாரத்துக்குக் கீழ நில்லுங்க."

"கூ... கூலி எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஒரு கப் டீ."

"அ... அதிகம்தான்" என்றார். ஆனால் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை நல்ல வெயில். கம்பளிக் கால்சட்டைக்குள் வெந்துகொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். மத்தியான வண்டி வரும்போது ராட்னி ஒவ்வொரு வருஷமும் ஒரு நாடகம் போடுவார். கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக் கையில் பெட்டியுடன் ஒரு உளவாளி இறங்குவான். கர்னல் அவனைக் கண்டுபிடித்து விசாரித்து, கூட்டம் கூச்சல் போட, மண்ணெண்ணெய் விளக்குகள் வைக்கும் விளக்கறையில் அடைப்பார். உளவாளி எப்போதும் கறிக்கடை கீத்தான். முகத்தில் ஒட்டுத் தாடியோடு ஜெர்மன்காரன்போல 'யா, யா' என்று கத்துவான். ஜனங்கள் கைதட்டுவார்கள். இதில் என்ன ரசனையோ.

வண்டி வந்தது. நான் கடிகாரத்தின் பக்கம் போகப் புறப்பட்டபோது, கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பெண், "போர்ட்டர்! கொஞ்சம் வாங்க!" என்று கூப்பிட்டாள். பெரிய சக்கரம் வைத்த பழங்காலத்துக் குழந்தை வண்டி. உள்ளே நிஜக் குழந்தைகள், இரட்டையர். இறக்கிவிட்டு நிமிர்வதற்குள் முன்பக்கம் பெரிய கூட்டம் கூடிவிட்டது. ஒரே கூச்சல், சிரிப்பு. கீத் இந்த வருஷம் பிரமாதப்படுத்துகிறான்போல என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்தைச் சுற்றி வந்து கடிகாரத்துக்குக் கீழே நின்றேன்.

யாரும் வரவில்லை. கூட்டம் கலைந்தது. பிறகும் யாரும் வரவில்லை.

வராதது நியாயம்தான் என்று தோன்றியது. அறுபதை எட்டிப்பிடிக்கப்போகிற பொம்பளை, தாராளமாகத் தைத்த கால்சட்டையில், தலையில் யாருடைய தொப்பியோ. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அதே வண்டியில் திரும்பிவிட்டாரோ என்னவோ. உதட்டில் பூசியிருந்த சாயத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டேன்.

அப்போது பீர்க் கூடாரத்திலிருந்து கீத் ஓடி வந்தான். ஒட்டுத் தாடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெல்மாக்கா! வண்டி வந்திருச்சா? ஒரு கிளாஸ்தான் குடிச்சேன், சத்தியமா! கர்னல் என்னைக் கொல்லப் போறாரு!"

"நீ இங்க இருக்கேன்னா, புடிச்சது யாரை?" என்று கேட்டேன்.

நான் டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினேன். அங்கே இருந்த ஈனிட் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"கீத்னுதான் நெனச்சேன் தெல்மா. அப்புறம் பாத்தா வேற ஆளு. வெளியூர் நடிகரைக் கூட்டிட்டு வந்திருக்காங்கபோலன்னு... என்னமா நடிச்சாரு தெரியுமா! பயந்துபோய்ப் பேச்சே வராத மாதிரி. எல்லாரும் வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சோம்."

அவள் சொன்னதையும் பெர்னார்ட் பின்னால் சொன்னதையும் சேர்த்தால் நடந்தது இதுதான். கறுப்புக் கோட்டு, தொப்பி, சின்னப் பெட்டி. ரயிலின் முதல் பெட்டியிலிருந்து இறங்கிய அவரை, கீத் தனக்குப் பதிலாக அனுப்பிய ஆள் என்று நினைத்து, ராட்னி பிரம்பால் தடுத்தார். "பேரென்ன?" என்று அதட்டினார். பெர்னார்ட் சொல்லப் பார்த்தார். 'பெ'யிலேயே நின்றுவிட்டது. ராட்னி கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பேரை இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்கார் பாருங்க!" என்றார். சிரிப்பு. மறுபடி கேட்டார். மறுபடி 'பெ... பெ...' ராட்னி அதேபோலத் திக்கிக் காட்டினார். இன்னும் பெரிய சிரிப்பு. அப்புறம் பெட்டியைப் பிடுங்கித் திறந்தார். துவாலையில் சுற்றிய இரண்டு பீங்கான் கோப்பை, ஒரு ஃபிளாஸ்க், ஒரு புத்தகம், அவரே வீட்டில் செய்த இஞ்சிக் கேக். "வெடிகுண்டு!" என்று ராட்னி அதைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ரகசியச் செய்தி இருக்கிறதா என்று எல்லார் முன்னாலும் அதை இரண்டாகப் பிய்த்தார். பிறகு இரண்டு மேஜர்கள் பெர்னார்டின் கையைப் பிடித்து இழுத்துப்போய் விளக்கறையில் தள்ளி, பெட்டியையும் பிய்ந்த கேக்கையும் பின்னாலேயே போட்டுக் கதவைச் சாத்தினார்கள். ராட்னி பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

விளக்கறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "பெர்னார்ட்?"

"தெ... தெல்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. என் பெயர் 'த'வில் தொடங்குகிறது, அது அவருக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

"இதோ வந்துடறேன்" என்றேன்.

கர்னல் எங்கே? அவர் வண்டியில் ஏறிவிட்டார். அந்த நாளின் சாப்பாட்டு வண்டி கிளம்பத் தயாராக நின்றது. முதல் வகுப்பு உணவுப் பெட்டியில் கவுன்சில் தலைவருக்கும் பெரிய மனிதர்களுக்கும் விருந்து. வாசலில் ப்ரூடன்ஸ் நரித்தோலோடு நின்றாள்.

"போர்ட்டர்கள் முதல் வகுப்புக்குள்ள வரக்கூடாது தெல்மா."

"உன் புருஷன்கிட்ட விளக்கறைச் சாவி இருக்கு. உள்ள ஒரு மனுஷனப் பூட்டி வச்சிருக்கார்."

"கீத்தானே? கொஞ்ச நேரம் கெடக்கட்டும். கூட்டத்துக்குப் புடிச்சிருக்கு."

"அது கீத் இல்ல ப்ரூடன்ஸ். நகரு."

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நரித்தோலின் தலையில் பதித்திருந்த கண்ணாடிக் கண் என் பொத்தானில் மாட்டி அறுந்து விழுந்தது. அதே நேரம் விசில் ஊதி வண்டியும் அசைந்து நகர ஆரம்பித்தது.

வெள்ளைத் துணி விரித்த மேஜையில் ராட்னி சூப் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போர்ட்டர், அதிகாரிகிட்டப் பேசறப்ப நிமிர்ந்து நிக்கணும். போர்க் கைதியை நான் திரும்பி வந்து விசாரிச்சுக்கிறேன்."

மேஜையைச் சுற்றிச் சிரித்தார்கள்.

"ராட்னி, விளையாட்டு இல்ல. அவர் நாடகத்துல இல்ல. என்னைப் பாக்க வந்தவர்."

"உன்னைப் பாக்கவா?" என்றார். என் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை ஒருதடவை பார்த்தார். கவுன்சில் தலைவர் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "அப்படின்னா சந்தேகமே இல்ல. உளவாளியேதான்!"

அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. மேஜர்கள் சிரித்தார்கள், கவுன்சில் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், கதவருகே நின்று ப்ரூடன்ஸ் சிரித்தாள். ராட்னியின் பதக்கங்கள் கிணுகிணுத்தன. எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் இந்த ஆட்களிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தோமே என்ற அருவருப்புதான் வந்தது. கையைத் தூக்கி ஜன்னலுக்கு மேலே இருந்த அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தேன்.

பழைய வண்டிதான், ஆனால் பிரேக்கு நன்றாகவே வேலை செய்தது. தட்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கிளம்பின. ராட்னியின் சூப் இரண்டு வரிசைப் பதக்கத்தின் மீதும் கொட்டியது. தக்காளி சூப். போரிலே காயம்பட்டவர்போல முதன்முறையாகத் தெரிந்தார்.

கார்டு ஐவர் ஓடி வந்தார். அவர் ஒருவர்தான் அந்தக் கூட்டத்தில் சம்பளத்துக்கு நிஜ ரயிலில் வேலை பார்த்தவர். "யாரு இழுத்தது?"

"நான்தான்" என்றேன். "ஸ்டேஷன் விளக்கறையில ஒரு ஆளு பூட்டிக் கெடக்கார். சாவி இவர்கிட்ட இருக்கு. தர மாட்டேங்கறார்."

ஐவர் ராட்னியைப் பார்த்தார். "விளக்கறையிலயா? மண்ணெண்ணெய் வச்சிருக்கற எடத்துலயா? சாவியக் குடுங்க."

"கர்னல்னு சொல்லுப்பா" என்று ராட்னி சூப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சாவியக் குடுங்க ராட்னி."

கொடுத்தார். வண்டியின் கடைசிப் பெட்டி இன்னும் பிளாட்பாரத்தை விட்டு நகர்ந்திருக்கவில்லை. பெட்டி பெட்டியாகப் பின்னால் நடந்துபோய் இறங்கினேன்.

கதவைத் திறந்தபோது பெர்னார்ட் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, சின்ன ஜன்னல் வெளிச்சத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கேக் துணுக்குகளைப் பொறுக்கித் துவாலையில் முடிந்து பக்கத்தில் வைத்திருந்தார்.

"மு... முதல்ல நாடகம்னு நெனச்சேன்" என்றார். "நீ... நீங்களும் அதுல இருக்கீங்களோன்னு தேடினேன். சி... சிரிப்பெல்லாம் எனக்கு வழக்கம்தான். கே... கேக்கை உடைச்சதுதான்..."

காத்திருந்தேன். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, ஆனால் அது திக்கலால் இல்லை.

துவாலையை அவிழ்த்து ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மண்ணெண்ணெய் வாடையை மீறி இஞ்சி மணத்தது. "நல்லாருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

நாங்கள் வெளியே வரும்போது ராட்னி பிளாட்பாரத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் ப்ரூடன்ஸ், மேஜர்கள், வேடிக்கை பார்க்கப் பாதி ஜனம். வருகிற வழியில் யாரோ நிலைமையைச் சொல்லியிருக்க வேண்டும், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"அடடா, சின்னக் குழப்பம்! தப்பா எடுத்துக்காதீங்க. பிரமாதமா ஈடுகுடுத்தீங்க!"

பெர்னார்ட் அந்தக் கையைப் பார்த்தார். தொடவில்லை.

"எ... என்னை யாருன்னு கேட்டீங்க" என்றார். "இ... இப்ப சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டார். "பெ..." என்று தொடங்கினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பென்?" என்றார் ராட்னி. "பெர்ட்?"

"வாய மூடிக்கிட்டு நில்லுங்க ராட்னி" என்றேன். "கேள்வி நீங்க கேட்டதுதான்."

நின்றார். அது எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம். கூட்டத்தில் ஒரு செருமல்கூட இல்லை. பெர்னார்டின் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது. ராட்னி முதலில் சிரித்துப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு பிரம்பைக் கைமாற்றினார். பதக்கத்திலிருந்து சூப் சொட்டிக்கொண்டிருந்தது.

"பெர்னார்ட் டக்கெட்" என்றார் கடைசியில், முழுசாக, ஒரே மூச்சில். பிறகு காலடியில் வைத்திருந்த தன் பெட்டியை எடுத்துக்கொண்டார். நான் அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். போர்ட்டர் வேலை என்றால் போர்ட்டர் வேலை. நிலையத்துக்கு வெளியே போய் டீ குடித்தோம்.

இதற்கப்புறம் ராட்னி வெட்கப்பட்டுத் திருந்தினார் என்று நினைத்தால் உங்களுக்கு அந்த வகை ஆட்களைத் தெரியாது. அடுத்த வாரமே ரயில் பாதைக் கமிட்டி கூடி, காரணமில்லாமல் அபாயச் சங்கிலியை இழுத்ததற்காக என்னை நீக்கியது. ஐவர் மட்டும் எதிர்த்துப் பேசினாராம். ஒரு மனிதரைப் பூட்டிவைத்தது பற்றிப் பேச நேரமில்லையாம். செப்டம்பரில் ராட்னியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அவர் பிரிகேடியர்.

அடுத்த வருஷம் ஜூன் நெருங்கும்போது ஒருநாள் சாயங்காலம் ப்ரூடன்ஸ் சீருடையைத் திரும்ப வாங்க வந்தாள். துவைக்காமல் கொடுத்தேன். வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காத தெல்மா. போன தடவை அந்த உளவாளிக் காட்சியப் பத்தித்தான் ஊரே பேசுது. கீத்தை எல்லாருக்கும் அலுத்துப்போச்சு. உன் சிநேகிதர் இந்த வருஷமும்... நாங்க முறையா ஒத்திகை பாத்துக்கலாம்."

சமையலறையில் பெர்னார்ட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கைகளில் நுரையோடு கூடத்துக்கு வந்து அவளைப் பார்த்தார். அவளுக்காகப் பேச்சோடு மல்லுக்கட்ட அவருக்கு விருப்பமில்லை. மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

இந்த ஜூனில் நாங்கள் இரண்டு பேரும் விட்பிக்குக் கடல் பார்க்கப் போனோம், சாதாரண ரயிலில். வண்டி தாமதம், உட்கார இடமில்லை, கழிப்பறை வேலை செய்யவில்லை. டிக்கெட் பார்க்க வந்த பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே எங்களிடம், "எங்க போறீங்க?" என்று கேட்டாள். பெர்னார்ட் சொல்லி முடிக்கும் வரை, எதையும் யோசிக்காமல், சும்மா நின்றுகொண்டிருந்தாள்.